மரக் கடைசலுக்கு ஒரு சுழல்முனை

தயிரைக் கடைவதற்கும் மரத்தைக் கடைவதற்கும் தமிழில் ஒரே வினைச்சொல்தான் வழங்கி வருகிறது. மத்தின் தண்டில் கயிற்றைச் சுற்றி, இரு கைகளாலும் மாறி மாறி இழுத்தால், மத்து முன்னும் பின்னுமாகச் சுழல்கிறது. நம் நாட்டின் பழைய மரக் கடைசலும் இதே முறையில் நடைபெற்றதுதான். எதிரெதிராக இரண்டு கட்டைகள். ஒவ்வொன்றிலும் ஓர் இரும்பு முள். இரண்டு முட்களுக்கும் இடையே கிடையாகப் பொருத்திய மரத்துண்டு. அதன்மேல் சுற்றிய கயிறு. உதவியாளர் ஒருவர் கயிற்றின் இரு நுனிகளையும் மாறி மாறி இழுக்க, கடைசல்காரர் தரையில் அமர்ந்து உளியைப் பிடிப்பார். மரம் தம்மை நோக்கி வரும் சுற்றில் உளி வெட்டும். மறு சுற்றில் உளியைச் சற்றே தளர்த்தி நிறுத்துவார்.

இந்த அமைப்பில் சுழல்வது மரம் மட்டுமே. அதைத் தாங்கும் முட்கள் இரண்டும் அசைவதில்லை. பின்னர்க் காலால் மிதிக்கும் லேத்தும், மோட்டாரால் ஓடும் லேத்தும் வந்தபோது, ஒரு பக்கத்து முனை தான் சுழன்று மரத்தையும் உடன் சுழற்றத் தொடங்கிற்று. மறு பக்கத்து முனை மட்டும் நெடுங்காலம் அசையாமலே நின்றது. அதனையும் மரத்தோடு சேர்ந்து சுழலும்படி செய்தது பிற்காலத்து மாறுதல். அவ்வாறு சுழலும் மறு பக்கத்து முனையைத் தேர்ந்தெடுக்கும் முறை பற்றிச் சில கருத்துக்களை இன்று கூற விரும்புகிறேன்.

தமிழகத்திற்கு வெளியே வாழும் நம்மவரிடையே, தச்சுத் தொழிலையே வாழ்வாகக் கொண்டவர்கள் இருக்கிறார்கள். அலுவலகப் பணியிலிருந்து ஓய்வு பெற்றபின் சிறிய லேத் ஒன்றை வாங்கி வைத்து, பூரிக்கட்டையும் பேனாவும் பொம்மையும் கடைந்து மகிழ்பவர்களும் இருக்கிறார்கள். இவ்விரு சாராருக்கும் இந்தச் சிறு உறுப்பு முக்கியமானது. பொருந்தாத முனை நல்ல மரத்தைப் பிளந்துவிடும். ஒரு நாள் உழைப்பை ஒரு நொடியில் வீணாக்கிவிடும். அதனினும் பெரிய கேடு வேறொன்று உண்டு. நிமிடத்திற்கு ஆயிரம் சுற்றுக்கு மேல் சுழலும் கட்டை, பிடி தளர்ந்து எகிறினால் அருகில் நிற்பவரின் கண்ணுக்கும் முகத்திற்கும் ஆபத்தாய் முடியும். ஆகவே இது வெறும் சில்லறைச் சாமான் அன்று.

முதலில் பெயரைத் தெளிவு செய்துகொள்வோம். லேத்தின் இடப்பக்கம், மோட்டாரின் விசையை ஏற்றுச் சுழலும் பகுதிக்கு ஹெட்ஸ்டாக் என்று பெயர். வலப்பக்கம், தண்டவாளம் போன்ற படுகையின்மேல் முன்னும் பின்னும் நகர்த்தக்கூடிய பகுதிக்கு டெயில்ஸ்டாக் என்று பெயர். இவற்றைத் தலைப்பகுதி, வால்பகுதி எனலாம். தலைப்பகுதியில் இருக்கும் பல்முனை மரத்தைக் கவ்விச் சுழற்றுகிறது. வால்பகுதியில் இருக்கும் முனை மரத்தின் மறு கோடியைத் தாங்குகிறது.

இந்தத் தாங்கும் முனை சுழலும் வகையைச் சேர்ந்ததாயின், அதனை லைவ் சென்டர் என்று அழைக்கிறார்கள். இதனைச் சொல்லுக்குச் சொல் தமிழாக்கினால் ‘உயிருள்ள மையம்’ என்றாகும். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட என் போன்றோர் இத்தகைய சொற்களைக் கண்டு அஞ்சுவது வழக்கம். இங்கே உயிர் என்பது சுழற்சியையே குறிக்கிறது; மையம் என்பது கூரிய முனையைக் குறிக்கிறது. போதாக்குறைக்கு, பழைய ஆங்கிலத் தொழில் நூல்களில் லைவ் சென்டர் என்ற பெயர் தலைப்பகுதியின் முனைக்கே வழங்கிற்று. அக்காலத்தில் சுழன்றது அது ஒன்றே அல்லவா? இன்று கடைகளில் அப்பெயர், பேரிங் பொருத்திய வால்பகுதி முனைக்கு உரியதாகிவிட்டது. பழைய நூலைப் படித்துவிட்டுப் புதிய கடைக்குச் செல்பவர் இதனை நினைவில் கொள்ள வேண்டும். நாம் அதனைச் ‘சுழல்முனை’ என்போம். அசையாத பழைய முனையை ‘நிலைமுனை’ என்போம்.

நிலைமுனையில் என்ன குறை? நிமிடத்திற்கு 1,500 சுற்று வீதம் ஒரு மரம் சுழல்வதாகக் கொள்வோம். பத்து நிமிடத்தில் அது 15,000 முறை அந்த இரும்பு முனையை உரசிச் சுழல்கிறது. உராய்வினால் சூடு பிறக்கிறது. சூட்டினால் மரம் கருகுகிறது. கருகிய குழி அகலமாகிறது. குழி அகன்றதும் மரம் ஆடத் தொடங்குகிறது. இதனைத் தவிர்க்க, முனையில் மெழுகோ கிரீஸோ தடவி, அவ்வப்போது யந்திரத்தை நிறுத்தி முனையை மீண்டும் இறுக்குவது பழைய வழக்கம். கயிற்றால் மெதுவாகச் சுழற்றிய காலத்தில் இது பெரிய தொல்லையாய் இருந்திராது. மோட்டாரின் வேகத்திற்கு இது ஏற்றதன்று.

உராய்வு எப்போதும் பகை என்று எண்ண வேண்டாம். கர்நாடகத்துச் சென்னபட்டணாவில் வெட்பாலை மரத்தைக் கடைந்து பொம்மை செய்கிறார்கள். சுழலும் பொம்மையின்மேல் நிறமூட்டிய அரக்குக் குச்சியை அழுத்திப் பிடிக்கிறார்கள். உராய்வின் சூட்டால் அரக்கு உருகி மரத்தின்மேல் படிகிறது. பின்பு தாழை ஓலையால் அழுத்தித் தேய்க்க, அது கண்ணாடி போல் மின்னுகிறது. அதே உராய்வு தாங்கும் முனையில் நேர்ந்தால் மரம் கருகுகிறது. உராய்வு வேண்டிய இடத்தில் அதனை வைத்துக்கொண்டு, வேண்டாத இடத்திலிருந்து அதனை விலக்குவதே சுழல்முனையின் பணி. முனை மரத்தோடு ஒன்றாகச் சுழல்கிறது. உராய்வை உள்ளே இருக்கும் பேரிங்கின் எஃகுக் குண்டுகள் ஏற்றுக்கொள்கின்றன.

இனித் தேர்ந்தெடுக்கும் முறைக்கு வருவோம். கவனிக்க வேண்டியவை நான்கு. அவற்றின் வரிசையும் முக்கியமானது.

முதலாவது, முனையின் பின்தண்டு. இத்தண்டு ஒருபுறம் பருத்தும் மறுபுறம் சிறுத்தும் சரிவாக அமைந்திருக்கும். வால்பகுதியின் துளையும் அதே சரிவில் குடையப்பட்டிருக்கும். ஒன்றினுள் மற்றொன்று செருகியதும், திருகோ ஆணியோ இன்றித் தானே இறுகிக்கொள்ளும். இந்தச் சரிவுக்கு மோர்ஸ் டேப்பர் என்று பெயர். அமெரிக்காவில் ஸ்டீபன் மோர்ஸ் என்பவர் 1860களில் வகுத்த அளவு இது. இன்றும் உலகெங்கும் வழங்குகிறது. ஏறத்தாழ 20 மில்லிமீட்டர் நீளத்திற்கு 1 மில்லிமீட்டர் வீதம் இதன் குறுக்களவு குறைந்துகொண்டே செல்லும். எண்ணால் இதன் அளவுகளைக் குறிப்பர். 1ஆம் எண் தண்டின் பருத்த பக்கம் ஏறக்குறைய 12 மில்லிமீட்டர். 2ஆம் எண்ணுக்கு ஏறக்குறைய 17.8, 3ஆம் எண்ணுக்கு ஏறக்குறைய 23.8. சிறிய மேசை லேத்துகளில் 1ஆம் எண்ணும், நடுத்தர மர லேத்துகளில் 2ஆம் எண்ணும் மிகுதியாகக் காணப்படுகின்றன.

ஆதலால் கடைக்குச் செல்லுமுன், வால்பகுதியின் துளை எந்த எண்ணுக்கு உரியது என்று அறிந்துகொள்வது அவசியம். யந்திரத்தோடு வந்த பழைய முனை இருந்தால் அதனையே கையில் எடுத்துச் செல்லலாம். அளவு ஒத்துவராத முனையைத் துணியோ தகடோ சுற்றிப் பொருத்துவது மிகவும் தவறான செய்கை. பெரிய துளைக்குள் சிறிய தண்டைப் பொருத்த, அதற்கென்றே செய்த எஃகுச் சட்டைகள் கிடைக்கின்றன. ஆயினும் ஒவ்வொரு சட்டையும் ஆட்டத்திற்கு ஒரு புதிய வாய்ப்பு என்பதை மறக்கலாகாது.

தண்டின் நீளத்தையும் பார்க்க வேண்டும். பல லேத்துகளில் கைச்சக்கரத்தைப் பின்னோக்கித் திருப்பினால், உள்ளிருக்கும் திருகு முனையைத் தள்ளி வெளியேற்றிவிடும். தண்டு மிகவும் குட்டையாயிருந்தால் அந்தத் திருகு அதனை எட்டாது. பிறகு சுத்தியலும் கம்பியுமாகப் போராட நேரிடும்.

இரண்டாவது, முனையின் வடிவம். தவறு பெரும்பாலும் இங்கேதான் நேர்கிறது. கடையில் சுழல்முனை என்று கேட்டால், பல இடங்களில் உலோகக் கடைசலுக்கு உரிய முனையையே எடுத்துக் கொடுப்பார்கள். இன்று படத்தைப் பார்த்தே பொருளை வரவழைத்துக்கொள்ளும் வசதி வந்துவிட்டதால் இத்தவறு மேலும் எளிதாகிவிட்டது. உலோகத்திற்கான முனை 60 பாகைக் கூம்பாக, வழவழப்பாக, பார்க்க அழகாக இருக்கும். இரும்புத் தண்டில் அதே கோணத்தில் முன்னதாகவே குழி குடைந்துவிடுவார்கள்; கூம்பு அக்குழியில் கச்சிதமாக அமர்ந்துகொள்ளும். மரத்தில் நிலைமை வேறு. மரத்தின் குறுக்கு வெட்டு முகத்தில், இழைகளுக்கு நடுவே இக்கூம்பை வைத்து அழுத்தினால் அது ஆப்பாக மாறிவிடுகிறது. விறகு பிளப்பவர் ஆப்பு அடிப்பது இழைகளைப் பிரிப்பதற்காக அல்லவா? அதே வேலையை நாம் அறியாமலே செய்துவிடுகிறோம். மென்மரமாயின் கூம்பு மேலும் மேலும் உள்ளே இறங்கும். இறங்க இறங்கப் பிடி தளரும். வன்மரமாயின் விரிசல் விழும்.

மரத்திற்கு உரியது கிண்ண வடிவ முனை. நடுவே சிறிய கூர் ஊசியும், அதனைச் சுற்றி மெல்லிய வட்ட விளிம்பும் இதில் அமைந்திருக்கும். ஊசி மரத்தின் மையத்தைப் பிடித்துக்கொள்கிறது. விளிம்பு மரத்தில் சிறிதளவே பதிந்து அப்படியே நின்றுவிடுகிறது. ஊசியை அதற்குமேல் இறங்கவிடுவதில்லை. அழுத்தம் ஒரு புள்ளியில் குவியாமல் ஒரு வட்டம் முழுவதும் பரவுகிறது. ஆகவே மரம் பிளப்பதில்லை. பக்கவாட்டில் நழுவுவதும் இல்லை.

கிண்ணத்தின் அகலம், நாம் கடையப்போகும் பொருளின் கோடியை விடக் குறைந்திருக்க வேண்டும். விளிம்பு அகன்றிருந்தால், மரத்தின் கோடியை மெலிதாக்கும்போது உளி எஃகில் மோதும். உளியும் கெடும், கையும் அதிரும்.

உள்ளே துளையுள்ள பொருள்களைத் தாங்கக் கூம்பு முனை பயன்படுகிறது. பேனாவின் உடல், பூச்சாடியின் வாய், குழாய் போன்ற கைப்பிடி ஆகியவை இவ்வகையின. இங்கே கூம்பு துளையின் விளிம்பில் அமர்வதால், தானாகவே மையம் கிடைத்துவிடுகிறது. மெல்ல இறுக்கினால் போதும். கிண்ணம், கூம்பு, தட்டை முனை ஆகிய பலவற்றை ஒரே உடலில் மாற்றி மாற்றிப் பொருத்தும் தொகுதிகளும் விற்பனைக்கு உண்டு. இவை சௌகரியமானவை. ஆனால் முனை உடலோடு சேரும் இணைப்பு துல்லியமாக இல்லாவிடில், ஒவ்வொரு மாற்றத்திலும் மையம் சிறிது விலகும். புதிதாகத் தொடங்குவோருக்குக் கிண்ணமும் கூம்பும் போதும். மேசை விளக்குத் தண்டில் நெடுந்துளை இட விரும்புவோர், நடுவில் துளை உள்ள முனையைத் தேட வேண்டும். வால்பகுதியின் தண்டும் உட்குழிவாக இருந்தால், அத்துளையின் வழியாக நீண்ட துரப்பணத்தைச் செலுத்தலாம்.

மூன்றாவது, உள்ளே இருக்கும் பேரிங். முனையின்மேல் இரண்டு வகைச் சுமை விழுகிறது. கைச்சக்கரத்தை இறுக்கும்போது அச்சின் வழியே வரும் அழுத்தம் ஒன்று. உளி வெட்டும்போது குறுக்கே வரும் தாக்கு மற்றொன்று. ஒரே ஒரு சிறு பேரிங் கொண்ட முனை, இவ்விரண்டையும் தாங்கி நெடுநாள் உழைப்பது அரிது. இரண்டு பேரிங்குகள் சற்று இடைவெளி விட்டு அமைந்திருந்தால் முனை ஆடாது. அச்சின் வழி வரும் அழுத்தத்திற்கென்றே தனிப் பேரிங் இருப்பின் இன்னும் நலம்.

மரத்தூளைத் தடுக்கும் மூடி உள்ள பேரிங்தானா என்று கேட்டறிய வேண்டும். மெல்லிய மரத்தூள் கிரீஸோடு கலந்தால் பேரிங் விரைவில் கரகரக்கத் தொடங்கும். உடலைக் கழற்றிப் பேரிங்கை மாற்ற இயலுமா என்பதும் கேட்கத் தக்கது. பேரிங்கின் பக்கத்தில் எண் பொறித்திருப்பார்கள். உதாரணமாக, 6001 என்ற எண்ணுடைய பேரிங் எந்த ஊரில் வாங்கினாலும் உள்துளை 12 மில்லிமீட்டர், வெளிவட்டம் 28 மில்லிமீட்டர், அகலம் 8 மில்லிமீட்டர் என்ற அளவில்தான் இருக்கும். இவ்வாறு பொது அளவிலான பேரிங் பொருத்திய முனை பழுதடைந்தால், பேரிங்கை மட்டும் மாற்றி மீண்டும் பயன்படுத்தலாம். கழற்றவே முடியாதபடி அடைத்துவிட்ட முனை, பேரிங் தேய்ந்த அன்றே பழைய இரும்பாகிவிடும்.

நான்காவது, உடலின் பருமன். பருத்த உடல் கனமான கட்டைகளுக்கும் பெரிய கிண்ணங்களுக்கும் ஏற்றது. ஆனால் மெல்லிய பொருளைக் கடையும்போது அதே பருமன் உளிக்கும் கைக்கும் இடைஞ்சலாகும். உளியை மரத்தின் கோடிவரை கொண்டுசெல்ல இயலாது. சொக்கட்டான் காய், பேனா, பம்பரம் போன்ற சிறு பொருள்களைச் செய்பவருக்கு முன்பகுதி ஒடுங்கி நீண்ட முனையே உகந்தது. கட்டில் கால்களும் மேசைக் கால்களும் கடைபவர் பருமனை விரும்பலாம். தாம் நாள்தோறும் செய்யும் வேலை எது என்பதை ஒவ்வொருவரும் தமக்குள் கேட்டுக்கொள்ள வேண்டும்.

இவற்றை அறிந்தபின் கடையிலேயே செய்யத்தக்க சில சோதனைகள் உண்டு. தண்டை ஒரு கையால் பற்றி, முனையை மறு கையால் பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள். சிறிதும் ஆட்டம் தெரியக்கூடாது. முனையை விரலால் சுழற்றுங்கள்; கரகரப்போ, இடையிடையே தடையோ இருந்தால் அது வேண்டாம். ஆனால் விரலால் சுழற்றிவிட்ட முனை நெடுநேரம் சுழன்றுகொண்டே இருப்பதைச் சிறப்பாகக் கருதுவது சரியன்று. நன்கு மூடிக் கிரீஸ் நிரப்பிய புதிய பேரிங் சற்று மந்தமாகவே சுழலும். பம்பரம் போல் சுற்றுவது கிரீஸ் குறைவினாலும் இருக்கலாம்.

வீட்டிற்கு வந்ததும் தண்டின் நெடுக மூன்று இடங்களில் பென்சிலால் கோடு இழுங்கள். துளையைத் துணியால் நன்கு துடைத்துவிட்டு, தண்டை உள்ளே செருகிச் சிறிதே திருகி வெளியே எடுங்கள். கோடு முழு நீளமும் மங்கியிருந்தால் சரிவு பொருந்தியிருக்கிறது என்று கொள்ளலாம். ஒரு கோடியில் மட்டும் அழிந்திருந்தால் தண்டு முழுமையாகப் படியவில்லை. அடுத்து, தலைப்பகுதியில் ஒரு கூர்முனையைப் பொருத்தி, வால்பகுதியை அதன் அருகே நகர்த்துங்கள். இரண்டு கூர்களும் நேருக்கு நேர் சந்திக்க வேண்டும். அவை விலகி நின்றால் குற்றம் முனையினுடையதாகவும் இருக்கலாம், லேத்தினுடையதாகவும் இருக்கலாம். சுழல்முனையை விரலால் அரைச் சுற்றுத் திருப்பிப் பாருங்கள். அதன் கூர் இடம் மாறினால் குற்றம் முனையில். மாறாமல் ஒரே பக்கம் விலகி நின்றால், லேத்தின் இரு பகுதிகளும் ஒரே நேர்கோட்டில் இல்லை என்று பொருள். பின்னதற்குப் புதிய முனை வாங்குவது மருந்தாகாது.

பயன்படுத்தும் முறையையும் ஒரு சொல் கூற வேண்டும். எவ்வளவு இறுக்குகிறோமோ அவ்வளவு பாதுகாப்பு என்று பலர் எண்ணுகிறார்கள். கிண்ணத்தின் விளிம்பு மரத்தில் பதியும்வரை இறுக்கிவிட்டு, பின்னர் கைச்சக்கரத்தைச் சிறிது தளர்த்தி, வால்பகுதித் தண்டின் பூட்டை இறுக்குவதே சரியான வழி. மெல்லிய கோலை இரு கோடியிலும் மிகையாக அழுத்தினால் அது வில்லாக வளையும். வளைந்த கோல் சுழலும்போது நடுவில் அதிரும். அதிர்ந்த இடத்தில் உளி வரிவரியாகத் தழும்பிடும். அதற்கு உளியையும் மரத்தையும் நொந்து பயனில்லை. சில நிமிடம் கடைந்தபின் யந்திரத்தை நிறுத்தி, பிடி தளர்ந்திருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ள வேண்டும். கண்ணுக்கும் முகத்திற்கும் காப்பு அணியாமல் யந்திரத்தை ஓட்டவே கூடாது.

இவ்வளவையும் தொகுத்துக் கூறினால், முதலில் தண்டின் எண், அடுத்து முனையின் வடிவம், அதன்பின் பேரிங், இறுதியில் உடலின் பருமன் என்ற வரிசையில் பார்க்க வேண்டும். பளபளப்பும் விலையும் இவற்றிற்குப் பிற்பட்டவை. தாங்க வேண்டிய பொருளைப் பிளக்காமல் தாங்குவதே நல்ல முனை.

கடைசியாக ஒன்று. அயல் மாநிலத்தில் வாழ்வதால் இத்தகைய ஐயங்களுக்கு விளக்கம் கேட்க ஆளில்லை என்று வருந்த வேண்டியதில்லை. அம்பாசமுத்திரத்து மரச் சொப்புகளை வைத்து விளையாடிய நம்மவர் பலர், அவற்றின் உறவுகள் நாடெங்கும் பரவியிருப்பதை அறிவதில்லை. சென்னபட்டணாவில் உள்ளது போலவே ஆந்திரத்து ஏட்டிகொப்பாக்காவிலும், குஜராத்தின் சங்கேடாவிலும், காசியிலும் அரக்கு பூசிய கடைசல் வேலை வழிவழியாக நடந்து வருகிறது. வடமாநிலங்களில் லேத்தைக் ‘கராத்’ என்றும், கடைசல்காரரைக் ‘கராதி’ என்றும் அழைக்கிறார்கள். அந்த ஒரு சொல்லைத் தெரிந்துகொண்டு சென்றால் போதும். உங்கள் ஊர்க் கடைத்தெருவிலேயே கராதி ஒருவரின் பட்டறையைக் கண்டுபிடித்துவிடலாம். புதிய முனையை வாங்குமுன் அவரிடம் ஒரு மாலைப் பொழுது சென்று, அவர் எந்த முனையை வைத்திருக்கிறார், எதற்காக என்று கேளுங்கள். பட்டறையில் பத்து ஆண்டு உழைத்த கைக்குத் தெரிந்தது கடையின் விலைப்பட்டியலில் இராது.